மகிழுந்துத் தொங்கல் அமைப்பின் பழுதுபார்ப்புச் செலவு

மகிழுந்துத் தொங்கல் அமைப்பின் பழுதுபார்ப்புச் செலவு என்பது, மகிழுந்தின் உடலையும் சக்கரங்களையும் இணைக்கும் தொங்கல் அமைப்பில் தேய்ந்த அல்லது உடைந்த உறுப்புகளைச் சீர்செய்வதற்கும் மாற்றுவதற்கும் ஆகும் மொத்தச் செலவைக் குறிக்கும். தொங்கல் அமைப்பு பேச்சு வழக்கிலும் பட்டறைகளிலும் சஸ்பென்ஷன் என்று அழைக்கப்படுகிறது. இச்செலவு பழுதான உறுப்பின் விலையை மட்டும் பொறுத்தது அன்று. அவ்வுறுப்பை அடைவதற்கு எத்தனை உறுப்புகளைக் கழற்ற வேண்டும், அதனுடன் சேர்த்து எவற்றை மாற்ற வேண்டும், பழுது எவ்வளவு காலம் கவனிக்கப்படாமல் இருந்தது ஆகியவையும் அதனை முடிவு செய்கின்றன. விலை குறைந்த ஒரு ரப்பர் உறுப்பின் தேய்மானம் உரிய காலத்தில் கவனிக்கப்படாவிட்டால், விலை உயர்ந்த டயர்களையும் பிற உறுப்புகளையும் கெடுத்துச் செலவைப் பலமடங்காக்கக்கூடும்.

உறுப்புகளும் அவற்றின் பணியும்

தொங்கல் அமைப்பின் முதன்மை உறுப்பு வில் ஆகும். இது வண்டியின் எடையைத் தாங்கி, சாலையின் மேடு பள்ளங்களால் சக்கரம் மேலும் கீழும் அசைய இடமளிக்கிறது. இக்கால மகிழுந்துகளில் பெரும்பாலும் சுருள்வில் பயன்படுகிறது. வில் மட்டும் இருந்தால், ஒருமுறை அழுந்திய வண்டி நெடுநேரம் ஊசலாடிக்கொண்டே இருக்கும். இந்த ஊசலாட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர் ஆகும். அதனுள் உள்ள உந்துதண்டு, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியாகத் தள்ளும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எனவே பெயர் உணர்த்துவதைப் போல அதிர்ச்சியை ஏற்பது வில்லே. ஷாக் அப்சார்பர் செய்வது ஊசலைத் தணிப்பதாகும்.

சக்கரம் தன் இடத்தை விட்டு முன்னும் பின்னும் நகராதபடி பிடித்திருப்பவை லோயர் ஆர்ம் போன்ற இணைப்புக் கைகள் ஆகும். இக்கைகள் வண்டியின் உடலுடன் சேரும் இடங்களில் புஷ் எனப்படும் ரப்பர் உறைகள் உள்ளன. சக்கரத்தின் பக்கத்தில் பால் ஜாயிண்ட் எனப்படும் பந்து மூட்டு உள்ளது. வளைவுகளில் வண்டி ஒரு பக்கம் சாய்வதைக் குறைக்க ஸ்டெபிலைசர் தண்டு பயன்படுகிறது. இத்தண்டு சிறிய லிங்க்குகள் மூலம் இரு பக்கச் சக்கரங்களுடனும் இணைக்கப்படுகிறது.

பெரும்பாலான சிறிய மகிழுந்துகளின் முன்பக்கத்தில் மெக்பெர்சன் ஸ்டிரட் என்ற அமைப்பு உள்ளது. இது அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் பெயரால் வழங்குகிறது. 1950ஆம் ஆண்டில் அறிமுகமான போர்ட் கான்சல், செப்பிர் ஆகிய மகிழுந்துகள் இதனைப் பரவலாக்கின. இந்தியாவில் 1983ஆம் ஆண்டு வெளியான மாருதி 800 மகிழுந்தின் முன்பக்கத்திலும் இவ்வமைப்பே இருந்தது. இதில் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுதியாக அமைந்து, சக்கரத்தின் நிலையையும் தாமே நிறுத்துகின்றன. உறுப்புகள் குறைவு என்பதால் தயாரிப்புச் செலவும் குறைவு. ஆனால் பழுதுபார்க்கும்போது இதே ஒருங்கிணைப்பு கூலியைக் கூட்டுகிறது.

தேய்மானத்தின் காரணங்கள்

தொங்கல் உறுப்புகள் வண்டி ஓடும் ஒவ்வொரு கணமும் இயங்குபவை. ஆகவே அவற்றின் தேய்மானம் இயல்பானது. ரப்பர் புஷ்கள் வெப்பத்தாலும் காலத்தாலும் இறுகி வெடிக்கின்றன. பால் ஜாயிண்டை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்தால், உள்ளிருக்கும் கிரீசு வெளியேறி நீரும் மணலும் புகுந்து மூட்டு விரைவில் தளர்கிறது. ஷாக் அப்சார்பரின் முத்திரை வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசிகிறது. கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும், குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவப்படும் உப்பும் சுருள்வில்லைத் துருவேற்றி முறியச் செய்கின்றன.

சாலையின் தரம் மற்றொரு முக்கியக் காரணம் ஆகும். இந்தியச் சாலைக் காங்கிரசு 1988ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத்தக்க வேகத்தடையானது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக, மெல்ல ஏறி இறங்கும் வளைவுடன் இருக்க வேண்டும் என்கிறது. இந்த அளவுக்கு மாறாகக் குறுகலாகவும் செங்குத்தாகவும் அமைக்கப்படும் தடைகளில் சக்கரம் திடீரென எறியப்படுகிறது. அப்போது புஷ்களும் ஸ்டிரட்டின் மேல்முனைத் தாங்கியும் மிகுந்த விசையை ஏற்க நேரிடுகிறது. அளவுக்கு மீறிய சுமை ஏற்றுதல், பள்ளத்தின் மீது பிரேக்கை அழுத்தியபடியே இறங்குதல் ஆகியவையும் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன.

அறிகுறிகளும் கண்டறிதலும்

சரியான கண்டறிதலே செலவைக் குறைக்கும் முதல் படி ஆகும். தொங்கல் அமைப்பில் எழும் ஒலி உலோக உடல் முழுவதும் பரவுவதால், ஒலி கேட்கும் இடமும் பழுதின் இடமும் வேறுபடலாம். பொதுவான அறிகுறிகள் பின்வருமாறு:

* சிறு மேடுகளில் மெல்லிய "டக் டக்" ஒலி: பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது அதன் புஷ் தேய்ந்திருத்தல்.
* நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கிறீச்சிடும் ஒலி அல்லது வில் துள்ளும் ஒலி: ஸ்டிரட்டின் மேல்முனைத் தாங்கியின் பழுது.
* பிரேக் அழுத்தும்போது அல்லது வண்டியை நகர்த்தும்போது ஒற்றை இடிப்பொலி: லோயர் ஆர்ம் புஷ் தளர்ந்திருத்தல்.
* மேட்டைக் கடந்த பின்னும் வண்டி பலமுறை ஊசலாடுதல்: ஷாக் அப்சார்பர் வலுவிழத்தல்.
* வண்டியின் ஒரு மூலை தாழ்ந்திருத்தல்: சுருள்வில் முறிதல் அல்லது தளர்தல்.
* டயரின் மேற்பரப்பில் விட்டுவிட்டுக் குழிகள் தோன்றுதல்: ஷாக் அப்சார்பரின் பழுதாக இருக்கலாம்.
* டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்தல்: சக்கரத்தின் கோணம் மாறியிருத்தல்.

இவை உறுதியான முடிவுகள் அல்ல. வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு டயரின் காற்றழுத்தக் குறைவோ பிரேக் பழுதோ காரணமாகலாம். வண்டியின் மூலையைக் கையால் அழுத்திவிட்டுப் பார்க்கும் பழைய முறை, முற்றிலும் செயலிழந்த ஷாக் அப்சார்பரை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அதன் உடலில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பானது. எண்ணெய் வழிந்து சொட்டுவதே பழுது ஆகும். வண்டியை உயர்த்தி, நெம்புகோலால் ஒவ்வொரு மூட்டையும் அசைத்துப் பார்ப்பது நம்பத்தகுந்த முறை. இதற்கு ஆகும் சிறு கட்டணம், பழுதில்லாத ஷாக் அப்சார்பர்களை வீணாக மாற்றுவதைத் தவிர்க்கிறது. லிங்க் ஒன்றின் ஒலியை ஷாக் அப்சார்பரின் ஒலி எனக் கருதி, விலை உயர்ந்த உறுப்பை மாற்றிய பின்னும் ஒலி நீடிப்பது பட்டறைகளில் அடிக்கடி நிகழும் தவறாகும்.

செலவின் கூறுகள்

பழுதுபார்ப்புச் சீட்டில் பொதுவாக நான்கு கூறுகள் அடங்கும்.

உதிரிப் பாகங்கள்: ஷாக் அப்சார்பர்களும் சுருள்வில்களும் ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றப்படுகின்றன. ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தேய்ந்ததுமாக இருந்தால் பிரேக்கின் போதும் வளைவுகளிலும் வண்டியின் நடத்தை சமனற்றுப் போகும். இவ்விதி எல்லா உறுப்புகளுக்கும் பொருந்தாது. பால் ஜாயிண்ட், லிங்க் போன்றவற்றைத் தேய்ந்த பக்கத்தில் மட்டும் மாற்றலாம். லோயர் ஆர்மைப் பொறுத்தவரை, சில மகிழுந்துகளில் புஷ்ஷையும் பால் ஜாயிண்டையும் தனித்தனியே மாற்ற முடியும். வேறு சிலவற்றில் பால் ஜாயிண்ட் கையுடன் ஒன்றாகவே செய்யப்பட்டிருப்பதால் முழுக் கையையும் வாங்க வேண்டியுள்ளது.

கூலி: ஒரே வண்டியின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் கூலி வேறுபடலாம். பின்பக்கத்தில் வில்லும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியே இருந்தால் சில மரையாணிகளைக் கழற்றினால் போதும். முன்பக்க ஸ்டிரட்டில் தொகுதி முழுவதையும் வெளியே எடுத்து, சுருள்வில்லைத் தனிக் கருவியால் அழுத்திப் பிடித்த பிறகே உள்ளிருப்பதைப் பிரிக்க முடியும். அழுத்தப்பட்ட வில் பெரும் ஆற்றலைச் சேமித்திருப்பதால், கருவி நழுவினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். துருவேறி இறுகிய மரையாணிகளும் கூலியைக் கூட்டும்.

வீல் அலைன்மெண்ட்: ஸ்டிரட், லோயர் ஆர்ம் ஆகியவற்றைக் கழற்றி மாட்டினால் சக்கரங்களின் கோணங்கள் மாறக்கூடும். எனவே அவற்றைச் சரிபார்த்து நேர்செய்யும் அலைன்மெண்ட் செலவு தவிர்க்கக்கூடாதது. ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றுவதற்கு இது தேவையில்லை.

வரி: இந்தியாவில் சரக்கு மற்றும் சேவை வரி 2017ஆம் ஆண்டு சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, மகிழுந்து உதிரிப் பாகங்களுள் பெரும்பாலானவை 28 விழுக்காட்டு வரிக்கு உட்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிப் பாகங்களுக்கு ஒரே சீராக 18 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. பழுதுபார்ப்புக் கூலிக்கும் 18 விழுக்காடே வரியாகும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

பின்வரும் எண்கள் கணக்கீட்டு முறையை விளக்குவதற்காக மட்டும் கொள்ளப்பட்டவை. எந்த வண்டியின் உண்மை விலையும் அன்று. முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றின் விலை 3,000 ரூபாய், மேல்முனைத் தாங்கி ஒன்றின் விலை 600 ரூபாய், ஒரு பக்கத்துக்குக் கூலி 1,000 ரூபாய், அலைன்மெண்ட் 500 ரூபாய் எனக் கொள்வோம்.

* இரு பக்கமும் ஷாக் அப்சார்பரையும் தாங்கியையும் ஒரே முறையில் மாற்றினால்: 6,000 + 1,200 + 2,000 + 500 = 9,700 ரூபாய்.
* ஷாக் அப்சார்பர்களை மட்டும் இப்போது மாற்றினால்: 6,000 + 2,000 + 500 = 8,500 ரூபாய்.
* தாங்கிகளைச் சில மாதங்கள் கழித்து மாற்றினால்: 1,200 + 2,000 + 500 = 3,700 ரூபாய்.

இரண்டு முறையாகச் செய்யும்போது மொத்தம் 12,200 ரூபாய் ஆகிறது. மிகையான 2,500 ரூபாயில் உதிரிப் பாகத்துக்கென ஒரு ரூபாய்கூட இல்லை. அது முழுவதும் இரண்டாம் முறை செலுத்தப்பட்ட கூலியும் அலைன்மெண்டுமே ஆகும். 18 விழுக்காடு வரியையும் சேர்த்தால் வேறுபாடு 2,950 ரூபாய் ஆகிறது. தேய்ந்த தாங்கியையும், தூசி உறையையும், இறுதித் தடுப்பு ரப்பரையும் ஷாக் அப்சார்பருடன் சேர்த்து மாற்றுமாறு பட்டறையினர் கூறுவதன் காரணம் இதுவே. ஆனால் இதே காரணத்தைக் கூறி, ஸ்டிரட்டுடன் தொடர்பில்லாத நல்ல உறுப்புகளையும் பட்டியலில் சேர்ப்பது ஏற்கத்தக்கது அன்று. ஓர் உறுப்பை இப்போது மாற்றினால் கூலி மிச்சமாகுமா என்பதே சரியான அளவுகோல் ஆகும்.

அமைப்பு வகையும் செலவும்

பழைய வகை மகிழுந்துகளில் உறுப்புகள் பிரித்துச் சீர்செய்யத்தக்கவையாக இருந்தன. 2014ஆம் ஆண்டு வரை இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அம்பாசிடரின் பின்பக்கத்தில் இலைவில் இருந்தது. அதில் ஒரு தகடு முறிந்தால் அத்தகட்டை மட்டும் மாற்ற முடிந்தது. ஆனால் முன்பக்க மூட்டுகளுக்குக் குறித்த காலத்தில் கிரீசு இட வேண்டியிருந்தது. அதாவது ஒவ்வொரு முறையும் செலவு சிறியது. ஆனால் அடிக்கடி நேர்ந்தது. இக்கால மூட்டுகள் நிலையாக மூடப்பட்டவை. அவற்றுக்குப் பராமரிப்பு இல்லை; தேய்ந்தால் மாற்றுவதே வழி.

பல இணைப்புக் கைகளைக் கொண்ட மல்டி லிங்க் அமைப்பு, சக்கரத்தைத் துல்லியமாக வழிநடத்துகிறது. ஆயினும் அதில் புஷ்களின் எண்ணிக்கை மிகுதி என்பதால் வண்டி முதுமையடையும்போது செலவும் மிகுகிறது. மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய ஷாக் அப்சார்பர்கள் சாதாரண வகையைவிடப் பலமடங்கு விலை உயர்ந்தவை.

காற்றுத் தொங்கல் அமைப்பில் உலோக வில்லுக்கு மாற்றாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் உள்ளன. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான கேடிலாக் எல்டொராடோ புரோம் மகிழுந்தில் இவ்வமைப்பு இருந்தது. அது அடிக்கடி கசிந்து பழுதானதால் உரிமையாளர்கள் பலர் அதனை நீக்கிவிட்டுச் சாதாரணச் சுருள்வில்லைப் பொருத்திக்கொண்டனர். பின்னாளில் 1998ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் எஸ் வகுப்பு போன்ற உயர்விலை மகிழுந்துகளில் இத்தொழில்நுட்பம் மேம்பட்ட வடிவில் இடம்பெற்றது. ஒத்திப்போடுதலின் விளைவை இவ்வமைப்பு தெளிவாகக் காட்டுகிறது. பை ஒன்றில் சிறு கசிவு ஏற்பட்டால், இழந்த காற்றை ஈடுசெய்ய அழுத்தி இயந்திரம் நீண்ட நேரம் ஓடுகிறது. கசிவு கவனிக்கப்படாவிட்டால் அந்த இயந்திரமும் சூடேறிப் பழுதாகிறது. அதன்பின் இரண்டையும் மாற்ற நேரிடும்.

பிரான்சு நாட்டின் சித்ரோவன் நிறுவனம் 1955ஆம் ஆண்டு தன் டி.எஸ். மகிழுந்தில் எண்ணெயும் நைட்ரசன் வளிமமும் கொண்ட அமைப்பை நான்கு சக்கரங்களுக்கும் பயன்படுத்தியது. இது சிக்கலானது எனப் பெயர் பெற்றிருந்தாலும், வளிமம் அடைத்த உலோகக் கோளங்களைத் திருகிக் கழற்றிப் புதியனவற்றைப் பொருத்துவது எளிய பணியே. செலவு மிக்கவை துருப்பிடித்த எண்ணெய்க் குழாய்களே ஆகும். சிக்கலான அமைப்பின் எல்லாப் பழுதுகளும் செலவு மிக்கவை அல்ல என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

உதிரிப் பாகச் சந்தை

ஒரே உறுப்பு பல விலைகளில் கிடைக்கிறது. வண்டித் தயாரிப்பு நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒருவகை. அந்நிறுவனத்துக்கு உறுப்பைச் செய்து தரும் ஆலை தன் சொந்தப் பெயரில் விற்பது மற்றொரு வகை. பிற ஆலைகளின் மாற்று உறுப்புகள் மூன்றாம் வகை. முதல் இரு வகைகளும் ஒரே ஆலையில் உருவானவையாகவே இருக்கலாம். இவை தவிர, சென்னையின் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகள் விற்கப்படுகின்றன. கழற்றிய உலோகக் கை நேராகவும் வெடிப்பின்றியும் இருந்தால் பயன்படலாம். பழைய பால் ஜாயிண்ட், ரப்பர் புஷ், எண்ணெய் நிரப்பிப் புதுப்பித்த ஷாக் அப்சார்பர் ஆகியவற்றின் எஞ்சிய ஆயுளை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது.

உதிரிப் பாகங்கள் தனியார் பட்டறைகளுக்குக் கிடைப்பது செலவைப் பெரிதும் பாதிக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகத்து 25 அன்று வழங்கிய ஆணையில், உதிரிப் பாகங்களையும் கண்டறி கருவிகளையும் திறந்த சந்தைக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தியதாக 14 மகிழுந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. இவ்வாணை மேல்முறையீடுகளுக்கு உள்ளானது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலம் 2012ஆம் ஆண்டில் மகிழுந்துகளுக்கான பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தை இயற்றியது. இந்திய அரசு 2022 திசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது.

காப்பீடு

இயல்பான தேய்மானத்தால் நேரும் செலவை மகிழுந்துக் காப்பீடு ஏற்பதில்லை. விபத்தில் லோயர் ஆர்ம் வளைவது போன்ற சேதத்தை முழுமைக் காப்பீடு ஏற்கும். ஆயினும் தேய்மானக் கழிவு உண்டு. இந்தியாவில் ரப்பர், நைலான், நெகிழி உறுப்புகளுக்கு 50 விழுக்காடு கழிக்கப்படுகிறது. உலோக உறுப்புகளுக்கான கழிவு வண்டியின் வயதைப் பொறுத்தது: முதல் ஆறு மாதங்களுக்கு இல்லை, ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு 40 விழுக்காடு, பத்தாண்டுகளுக்கு மேல் 50 விழுக்காடு. கழிவில்லாக் காப்பீடு எனப்படும் கூடுதல் பிரிவைப் பெற்றவர்களுக்கு இக்கழிவு பொருந்தாது. வேகத்தடையில் மோதிய சேதத்தையும் நாட்பட்ட தேய்மானத்தையும் பிரித்தறிவது கடினம் என்பதால், நிகழ்ந்த உடனே தெரிவிப்பதும் படம் எடுத்து வைப்பதும் பயனுள்ளவை.

ஒத்திப்போடுதலும் பாதுகாப்பும்

எல்லாப் பழுதுகளும் ஒரே அளவு அவசரமானவை அல்ல. ஸ்டெபிலைசர் லிங்க்கின் ஒலி எரிச்சலூட்டுவது. சில நாட்கள் பொறுக்கத்தக்கது. தளர்ந்த பால் ஜாயிண்ட் அவ்வாறு அன்று. அது கழன்றால் சக்கரம் ஒரு பக்கமாக மடிந்து, வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். முறிந்த சுருள்வில்லின் முனை டயரைக் கிழிக்கக்கூடும். வலுவிழந்த ஷாக் அப்சார்பரால் டயர் சாலையை விட்டுத் துள்ளுவதால், சமனற்ற சாலையில் பிரேக் அழுத்திய பின் வண்டி நிற்க எடுக்கும் தொலைவு கூடுகிறது. பணத்தட்டுப்பாடு உள்ளபோது பால் ஜாயிண்ட், முறிந்த வில், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர், லிங்க் என்ற வரிசையில் முன்னுரிமை அளிப்பது பொதுவாகப் பொருத்தமானது.

பிரித்தானியாவில் மூன்று ஆண்டுகள் நிறைந்த மகிழுந்துகள் ஆண்டுதோறும் சோதிக்கப்படுகின்றன. தொங்கல் அமைப்பில் ஆபத்தான தளர்வு இருந்தால் அவை சோதனையில் தேர்ச்சி பெறா. இந்தியாவில் வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று குறித்த கால இடைவெளியில் தேவைப்படுகிறது. சொந்தப் பயன்பாட்டு மகிழுந்துகளுக்கோ பதிவைப் புதுப்பிக்கும் 15ஆம் ஆண்டு வரை இத்தகைய கட்டாயச் சோதனை இல்லை. எனவே அதுவரை பழுதைக் கண்டறியும் பொறுப்பு உரிமையாளரையே சார்கிறது.

பழுதுபார்த்த முறையும் அடுத்த செலவை முடிவு செய்கிறது. உலோகத்துடன் பிணைக்கப்பட்ட ரப்பர் புஷ்களின் மரையாணிகளை, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் உள்ள நிலையில்தான் இறுதியாக இறுக்க வேண்டும். வண்டியை உயர்த்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் நிலையாக முறுக்கப்பட்டு விரைவில் கிழியும். நல்ல புஷ் சில மாதங்களிலேயே கெடுவதற்கு இது அறியப்பட்ட காரணம். மாற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டுப் பெறுதல், பட்டியலில் கூலியும் உறுப்பு விலையும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளதா எனப் பார்த்தல், பணிக்குப் பின் அலைன்மெண்ட் அளவுச் சீட்டைப் பெறுதல் ஆகியவை வீண் செலவைத் தவிர்க்க உதவும்.

இவற்றையும் பார்க்க

* மகிழுந்து
* சுருள்வில்
* ஷாக் அப்சார்பர்
* வீல் அலைன்மெண்ட்
* டயர்